நிரல் எழுப்பும் ஓசை

யாப்பறிந்த ஆசிரியர் ஒருவர்முன் மாணவன் தான் இயற்றிய வெண்பாவைப் படிக்கின்றான். மூன்றாம் அடியில் ஓரிடத்தில் ஆசிரியரின் முகம் சுருங்குகின்றது. "மீண்டும் படி" என்கிறார். அசை பிரித்து, சீர் கண்டு, காய்முன் நிரை வந்துள்ளது என விரல்விட்டுக் காட்டுவதெல்லாம் அதன்பின் நிகழ்வது. தளை தட்டியதை அவர்தம் செவி முன்பே அறிந்துவிட்டது. இலக்கண நூல் அதற்குக் காரணம் கூறுகின்றதேயன்றி, முதற் சான்று செவியின் சான்றே ஆகும்.

ஈண்டு நாம் ஆராயப் புகுவது கவிதை அன்று, கணினி நிரல். கணினி ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்ற வேண்டிய ஆணைகளின் கோவையே நிரல் எனப்படும். அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் இயக்கத்தை ஒலியாக மாற்றிக் கேட்கும் முயற்சி அண்மைக் காலத்தில் பரவி வருகின்றது. இதனை வேடிக்கை என்று ஒதுக்குவாரும் உளர். புதிய இசைக்கலை என்று போற்றுவாரும் உளர். இவ்விரு சாராரும் கேளாத வினா ஒன்று உண்டு. நிரலில் தளை தட்டினால் இவ்வொலி அதனைக் காட்டுமா? இவ்வகைப் படைப்புகளை மதிப்பிட எனக்குத் தெரிந்த உரைகல் இதுவே. இதனைக் கொண்டே சிலவற்றை இங்கு உரசிப் பார்க்க விழைகின்றேன்.

நிரலைச் செவியால் கேட்பது புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கணினியின் பிள்ளைப் பருவத்திலேயே தோன்றிய பழக்கம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1949ஆம் ஆண்டு முதன்முதலாக இயங்கிப் பின்னர் சிஸ்ராக் என்று பெயர் பெற்ற கணினியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 2000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட பெரும்பொறி அது. அதன் நினைவகமே ஒலியால் ஆனது என்றால் வியப்பாக இருக்கும். பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்களின் ஒரு முனையில் துடிப்புகளைச் செலுத்துவர். அவை ஒலியலைகளாகப் பாதரசத்தினூடே சென்று மறுமுனையை அடையும். அடைந்தவற்றை மீண்டும் முதல் முனைக்கே அனுப்புவர். இவ்வாறு சுற்றிக்கொண்டே இருக்கும் ஒலிதான் அக்கணினி நினைவில் வைத்திருந்த எண். மனிதர் கேட்க முடியாத அவ்வொலிக்குப் புறம்பே, கேட்கத்தக்க ஒலிபெருக்கி ஒன்றையும் அதனுடன் இணைத்திருந்தனர். கணக்கு முடிந்தது என்பதை அறிவிக்கவும், நிரல் எந்த இடம்வரை சென்றுள்ளது என்பதைத் தெரிந்துகொள்ளவும் அது பயன்பட்டது. அவ்வொலிபெருக்கியைக் கொண்டே ஜெஃப் ஹில் என்னும் நிரலாளர் மக்கள் நன்கறிந்த மெட்டுகளை இசைக்கச் செய்தார். அக்காலத்து ஒலிப்பதிவு எதுவும் எஞ்சவில்லை; பிற்காலத்தில் பால் டோர்ன்புஷ் என்பார் பழைய நிரல்களை ஆராய்ந்து அவ்வொலியை மீட்டுருவாக்கினார். பொறி இன்றும் மெல்பர்னில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. அங்கிருந்த ஃபெராண்டி மார்க் 1 கணினியில் 'ஊதி' என்று அழைக்கப்பட்ட ஒலிபெருக்கி இருந்தது. 'ஊது' என்னும் ஆணை ஒருமுறை நிறைவேறினால் 'டிக்' என்று ஒரு சொடுக்கு மட்டும் கேட்கும். அதே ஆணையை விடாது திரும்பத் திரும்ப நிறைவேற்றினால் சொடுக்குகள் ஒன்றோடொன்று இழைந்து ஒரு சுரமாகிவிடும். இதனை ஆலன் டூரிங் தாம் எழுதிய நிரலாக்கக் கையேட்டில் விளக்கியுள்ளார். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்கணினியின் ஒரு துடிப்புக்கு 0.24 மில்லிநொடி ஆகும். ஊதும் ஆணைக்கு நான்கு துடிப்பு. திரும்பிச் செல்லும் ஆணைக்கு நான்கு துடிப்பு. ஆகச் சுற்று ஒன்றுக்கு 1.92 மில்லிநொடி. எனவே நொடிக்கு ஏறத்தாழ 521 சொடுக்குகள். சுற்றில் வேறோர் ஆணையைச் சேர்த்தால் சுற்று நீளும், சுரம் இறங்கும். சுரத்தின் உயரம் வேறு, நிரலின் நீளம் வேறு அல்ல. இடையில் மொழிபெயர்ப்பாளர் எவரும் இலர்.

இவ்வொலி எத்துணை உண்மையானது என்பதற்கு 2016இல் ஒரு சான்று கிடைத்தது. கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்பார் அக்கணினிக்கு பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணை இசைக்கும் நிரலை எழுதியிருந்தார். 1951இல் பிபிசி வானொலியினர் நாட்டுப்பண் உள்ளிட்ட மூன்று மெட்டுகளை அக்கணினி வாசிக்கக் கேட்டு இசைத்தட்டில் பதிவு செய்தனர். நியூசிலாந்தைச் சேர்ந்த ஜாக் கோப்லண்டு, ஜேசன் லாங் ஆகிய இருவரும் அப்பதிவை ஆராய்ந்தபோது, அக்கணினியால் எழுப்பவே இயலாத சுரங்கள் அதில் இருப்பதைக் கண்டனர். சுற்றின் நீளம் முழு எண்ணிக்கையில்தான் கூடும் அல்லது குறையும். ஆதலால் அப்பொறி எழுப்பத்தக்க சுரங்கள் வரையறைக்கு உட்பட்டவை. இயலாத சுரம் கேட்கின்றது என்றால் பொறி பொய் சொல்லவில்லை. பதிவான தட்டின் வேகமே தவறு. எவ்வளவு தவறு என்பதையும் அச்சுரங்களைக் கொண்டே கணக்கிட்டு, பதிவைத் திருத்தினர். பாடபேதம் கண்ட பதிப்பாசிரியர் யாப்பைத் துணைக்கொண்டு ஏட்டின் பிழையைத் திருத்துவதில்லையா? அதே வேலைதான் இதுவும். தளை தட்டிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒலிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்தவரை இல்லை.

இன்றைய நிலை வேறு. நம் மேசைமேல் உள்ள கணினி நொடிக்குப் பல நூறு கோடி ஆணைகளை நிறைவேற்றுகின்றது. மனிதச் செவியோ நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகளை மட்டுமே ஒலியாக உணரும். ஆகவே ஆணைக்கு ஒரு சொடுக்கு என்னும் பழைய நேர்மை இனி நடவாது. நிரலின் குறிப்பிட்ட இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்குமட்டும் ஒலி எழுமாறு செய்தல் வேண்டும்; பல வேளைகளில் நிரலை வலிந்து நிறுத்தி நிறுத்தி ஓடவிடவும் வேண்டும். ஒலியை உண்டாக்கும் பணியைப் பிறர் முன்னரே எழுதி வைத்த செயற்கூறுகளின் தொகுதி ஏற்றுக்கொள்கின்றது. இத்தொகுதியை லைப்ரரி என்பர். தமிழிலும் நூலகம் என்றே வழங்கலாயிற்று. ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996இல் வெளியிட்ட சூப்பர்கொலைடர் இத்துறையில் பெயர்பெற்றது. அதில் சுரத்தைக் கேட்கும் பகுதி வேறு. சுரத்தை எழுப்பும் பகுதி வேறு. ஓடும் நிரல் குறித்த இடத்தை அடைந்ததும் ஒரு செய்தியை அனுப்பும். ஒலியெழுப்பும் பகுதி அதனைப் பெற்று, கேட்ட உயரத்தில், கேட்ட நீளத்தில், கேட்ட தன்மையில் ஒலிக்கும். புல்லாங்குழல் வேண்டுமா, மணியோசை வேண்டுமா, மழையோசை வேண்டுமா? எதுவும் கிடைக்கும்.

எதுவும் கிடைக்கும் என்பதில்தான் இடர்ப்பாடு தொடங்குகின்றது. எந்த நிகழ்ச்சிக்கு எந்தச் சுரம் என்று முடிவு செய்பவர் மனிதர். அம்முடிவு ஓர் உரை. திருக்குறளுக்குப் பதின்மர் உரை வகுத்தனர் என்பர், மூலம் ஒன்றே. உரையின் வழியாக மூலத்தை அடையும் மாணவன், இது வள்ளுவர் சொன்னது, இது உரைகாரர் சேர்த்தது என்று பிரித்தறியக் கற்றுக்கொள்கின்றான். நிரலொலியைக் கேட்பவருக்கு அவ்வசதி இல்லை. மூலமும் உரையும் ஒரே ஒலியாகக் கலந்து வருகின்றன.

இக்கண்கொண்டு மூன்று படைப்புகளை நோக்குவோம். 1990களில் இங்கிலாந்தில் பால் விக்கர்ஸ், ஜேம்ஸ் ஆல்ட்டி ஆகியோர் உருவாக்கிய கெய்ட்லின் என்னும் அமைப்பு, பாஸ்கல் மொழி பயிலும் தொடக்க நிலையினரை மனத்திற்கொண்டது. நிரலில் நிபந்தனை வரும் இடத்திற்கு ஒரு மெட்டுத்துணுக்கு, சுழற்சி வரும் இடத்திற்கு வேறொரு துணுக்கு என்று வகுத்துக்கொண்டனர். நிரல் ஓடும்போது அதன் கட்டமைப்பே செவிக்கு வந்து சேரும். பிழை காண்பதில் இது எவ்வளவு உதவும் என்பதை ஆட்களைக் கொண்டு சோதித்தும் பார்த்தனர். இவ்வாறு சோதிக்கத் துணிந்ததே பாராட்டத்தக்கது. இத்துறையில் பலர் அத்துணை தூரம் செல்வதில்லை. ஆயின் கேட்பவர் முதலில் துணுக்குகளின் அகராதியை மனப்பாடம் செய்தாக வேண்டும். தளை தட்டுவதை உணர்வதற்கு அகராதி தேவையில்லை அன்றோ?

அமெரிக்காவில் மைக்கேல் கில்ஃபிக்ஸ், ஆல்வா கவுச் இருவரும் 2000இல் வெளியிட்ட பீப் என்னும் அமைப்பு கணினி வலையமைப்பின் இயக்கத்தை இயற்கை ஒலிகளாக மாற்றியது. பறவை ஒலியும் நீரோசையும் பின்னணியில் கேட்டுக்கொண்டிருக்கும். வலையமைப்பில் ஏதேனும் மாறினால் அக்காட்டின் ஒலியும் மாறும். நாள்தோறும் கேட்டுப் பழகியவர் மாற்றத்தைத் தாமே உணர்வர். இது செவியின் இயல்பை நன்கறிந்தோர் செய்த வேலை. நம் தோட்டங்களில் ரப்பர் ஆலையின் எந்திரம் ஓடிக்கொண்டிருந்த நாளில், அதன் ஓசையை யாரும் கவனித்ததில்லை. ஓசை மாறியபோது மட்டும் எல்லாரும் தலைநிமிர்ந்தனர்.

மூன்றாவது, திமோ பிங்மன் என்னும் ஜெர்மானியர் 2013இல் வெளியிட்ட 'வரிசைப்படுத்தலின் ஒலி'. மாணவர் பலரும் காணொளியாகக் கண்டிருப்பர். கலைந்து கிடக்கும் எண்கள் திரையில் கோல்களாக நிற்கும். நிரல் எந்த இரண்டை ஒப்பிடுகின்றதோ அவற்றின் அளவிற்கேற்ப ஒலி எழும். வரிசைப்படுத்தும் முறைகள் பலவும் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நடையில் ஒலிக்கும். இறுதியில் நிரல் தன் விடையை ஒருமுறை சரிபார்த்து ஓடும்போது தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரம்வரை தடையின்றி ஏறும் ஒலி கேட்போர்க்கு ஒரு நிறைவைத் தரும். விரைந்த முறைக்கும் மெதுவான முறைக்கும் தாமதம் வெவ்வேறாகத்தான் வைக்கப்பட்டுள்ளது. ஆதலால் எது விரைந்தது என்று செவியை நம்பி முடிவு கட்டினால் ஏமாறுவோம். ஆயினும் அத்தாமத அளவைத் திரையிலேயே எழுதிக் காட்டியிருக்கின்றார். தாம் சேர்த்தது இன்னது என்று சொல்லிவிடும் உரைகாரர் அவர். அதனால்தான் இம்மூன்றினுள் அதனை முதலில் வைப்பேன்.

அவ்வேறுவரிசை தரும் நிறைவைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அதனை எழுப்பியவர் என்னிடம் முன்பு தமிழ் பயின்று இன்று நிரலாளராகப் பணியாற்றும் இளைஞர். நான் தொகுத்துவந்த பள்ளிச் சொல்லடைவு ஒன்றை அகரவரிசைப்படுத்தித் தருவதாகக் கூறியிருந்தார். ஒரு மாலை மடிக்கணினியோடு வந்து, "ஐயா, பட்டியலைப் பார்ப்பதற்கு முன் கேளுங்கள்" என்றார். அகரத்தில் தொடங்கும் 16 சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரு சொற்களை ஒப்பிட்டு இடம் மாற்றும் எளிய முறையில் நிரல் எழுதியிருந்தார். முழுதும் ஓடினால் 120 ஒப்பீடுகள். ஒவ்வொரு சொல்லின் இரண்டாம் எழுத்துக்கும் ஒரு சுரம். கேட்க இனிமையாக இருக்கட்டும் என்று மோகன இராகத்தின் ஐந்து சுரங்களிலேயே ஏணிப்படிபோல் அமைத்திருந்தார்.

ஒலித்தது. முதலில் கலவரமாயிருந்த சுரங்கள் மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்தன. கடைசியில் கீழிருந்து மேல்வரை ஒரே ஏற்றம். நான் கைதட்டினேன். பிறகு பட்டியலைப் பார்த்தேன்.

அகம், அச்சம், அடி, அணி, அத்தை, அந்தி, அன்பு, அப்பம், அம்மா, அயல், அரசு, அறம், அலை, அளவு, அழகு, அவல்.

முதல் வகுப்பு ஆசிரியரும் சிவப்பு மை தேடும் பட்டியல் இது. அன்பு இறுதியில் அன்றோ வரவேண்டும்? அறம் அதற்கு முன்னரும், அவல் அலைக்குப் பின்னரும் வரவேண்டும். நடந்தது என்னவெனில், ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழ் எழுத்துகளின் எண்வரிசை, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் பழைய குறியீட்டைப் பின்பற்றி அமைந்தது. அப்பொதுவரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் இடம்பெற்றுவிட்டன. தமிழ் நெடுங்கணக்கின்படி வரிசைப்படுத்தத் தனி விதிகள் உண்டு; அவற்றை அழைக்காமல் எழுத்தின் எண்ணையே ஒப்பிட்டால் இவ்வாறுதான் விளையும். 1997இல் தமிழ்நெட் மாநாடு கூடிய சிங்கப்பூரிலும், தமிழ்க் கணினியில் முன்னோடிகளைத் தந்த மலேசியாவிலும் வாழும் நாம் இதனை அறிந்திருக்க வேண்டியவர்களே.

எழுத்துப்பிழையைவிட என்னை உறுத்தியது என் கைதட்டல். வரிசை தவறு; ஒலி குற்றமற்றது. காரணம் தெளிவு. நிரல் எந்த எண்ணைக் கொண்டு ஒப்பிட்டதோ அதே எண்ணைக் கொண்டே சுரமும் அமைந்தது. மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டதைப் போன்றது அது. நிரல் தன் அளவுகோலின்படி செய்து முடித்தது என்பதையே அவ்வேற்றம் சொன்னது. அளவுகோல் சரியா என்பதைச் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. வெண்பாவைக் கேட்கும் ஆசிரியரின் செவியில் உள்ள யாப்பு, அந்த மாணவனின் செய்யுளிலிருந்து பெற்றது அன்று. அது வெளியிலிருந்து வந்தது. பிங்மனின் படைப்பில் எண்களுக்கு எண்ணின் அளவே சுரமாகும். அங்கு ஒன்றை மற்றொன்றின் அளவுகோலாகக் கொள்வதில் தீங்கில்லை. எழுத்துகளுக்கு வந்தவுடன் அதே உத்தி நம்மை ஏமாற்றிவிட்டது.

"சுரத்தை நெடுங்கணக்கின்படி கொடுத்துப் பார், தம்பி" என்றேன். ககரம் முதல் னகரம்வரை 18 மெய்களுக்கு 18 படிகள். நிரலைத் தொடவில்லை, சுரங்களை மட்டும் மாற்றினார். மீண்டும் ஒலித்தது. இம்முறை நகரம்வரை ஒழுங்காக ஏறிய ஒலி, திடீரென உச்சிக்குத் தாவிச் சட்டென்று இறங்கியது. பின்னர் ஏறி மற்றொரு முறை தாவியது. முடிவிலோ ஏற வேண்டிய இடத்தில் ளகரம், ழகரம், வகரம் என்று படிப்படியாக இறங்கி நின்றது. ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும்: மோகனத்தில் அமைந்தமையால் அத்தாவல்கள்கூட ஓர் அலங்காரம்போலவே ஒலித்தன. இப்படித்தான் இசையமைத்திருக்கின்றார் என்று புதியவர் ஒருவர் நினைத்துக்கொள்வார். ஐந்து சுரங்களுக்குள் எதனைக் கொட்டினாலும் இனிமையே வெளிப்படும். பிழையையும் சேர்த்து இனிப்பாக்கிவிடும். இன்று ஒலியாக்கப் படைப்புகள் பலவற்றில் இவ்வைந்து சுரப் பாதுகாப்பு ஒரு வழக்கமாகிவிட்டதைக் காண்கின்றோம். கேட்போர் முகம் சுளிக்கக் கூடாது என்னும் அச்சமே அதற்குக் காரணம். முகம் சுளிக்காத ஆசிரியரால் வெண்பாத் திருத்த இயலுமா? மோகனத்தை நீக்கிச் சமமான படிகளாக மாற்றியதும், ஏழாம் சொல்லிலேயே என் பேத்தி அடுத்த அறையிலிருந்து "என்ன அது?" என்று கேட்டாள்.

நிரலையே இசைக்கருவியாகக் கொண்டு, மேடையில் அதனை எழுதி எழுதி இசைக்கும் கலைஞர்களை இவ்வளவுகோலால் அளப்பது முறையாகாது. பள்ளி மாணவர்க்கென சாம் ஏரன் உருவாக்கிய சோனிக் பை போன்றவற்றில் நிரலின் நோக்கமே இசை; அங்கு இனிமை குற்றமாகாது. வேறொரு வேலைக்காக ஓடும் நிரலை ஒலியாக்கிக் காட்டுவோரைப் பற்றியே நான் கூறுகின்றேன். பாடலையும் பாடலுக்கு எழுதிய உரையையும் ஒரே தட்டில் நிறுப்பதில்லை.

இளைஞர் நெடுங்கணக்கு விதியைச் சேர்த்து நிரலைத் திருத்தினார். ஏற்றம் இப்போது ககரத்தில் தொடங்கி னகரத்தில் முடிந்தது. பட்டியலும் அகத்தில் தொடங்கி அன்பில் முடிந்தது. நான் விடவில்லை. அக்கா என்னும் சொல்லைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். அகரவரிசையில் அக்கா முன்னும் அகம் பின்னும் வருதல் வேண்டும். மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முந்தியது. நிரல் அகத்தை முன்னே வைத்தது. அவர் சேர்த்த விதி பதினெட்டு மெய்களின் வரிசையை மட்டுமே அறியும். புள்ளியின் இடத்தை அறியாது. ஒலியோ இரண்டுக்கும் ஒரே சுரத்தைத் தந்தது. செவிக்கு எந்த வேறுபாடும் எட்டவில்லை.

அவர் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளிக்கு என்ன ஒலி கொடுப்பது, ஐயா?" என்றார்.

"மெய்க்கு மாத்திரை எவ்வளவு?" என்றேன்.

"அரை" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, சுரத்தின் நீளத்தைக் குறிக்கும் எண்ணைத் தேடத் தொடங்கினார்.